மூலிகையிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுக்க எது சிறந்த முறை?

கொதிக்க வைத்து வடிகட்டினால் போதாதா, எதற்கு இத்தனை முறைகள் என்று கேட்டிருக்கிறீர்கள். சில செடிகளுக்குப் போதும், பலவற்றுக்குப் போதாது. உள்ளே இருக்கும் சத்து ஆவியாகுமா, தண்ணீரில் கரையுமா, சூடு தாங்குமா என்று பார்த்துத்தான் முறையை முடிவு செய்ய வேண்டும். நான் கோத்தகிரிக்காரன் என்பதால், இந்த நீலகிரி மலையில் விளைவதை வைத்தே சொல்கிறேன்.

கற்பூர மரம் எளிது. யூகலிப்டஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். 1843-இல் இந்த மலைக்கு வந்த ஆஸ்திரேலிய மரம். இலையைக் கொப்பரையில் அடைத்து நீராவி ஏற்றி, வெளிவரும் ஆவியைக் குளிரவைத்தால் தைலமும் தண்ணீரும் சேர்ந்து இறங்கும். அதன் முக்கியச் சத்தான சினியோல் தனியாகக் கொதிக்க 176 டிகிரி வேண்டும். நீராவியோடு சேரும்போது 100 டிகிரிக்குக் கீழேயே கிளம்பிவிடும் (ஊட்டி உயரத்தில் தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதிக்கும்). அதனால் கருகாத தைலம் மேலே மிதக்கும், பிரித்துக்கொள்ளலாம்.

வலிக்குத் தடவும் தைலம் தரும் விண்டர்கிரீன் செடியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பறித்த இலையை நேராகக் கொதிக்கவிட்டால் தைலம் சரியாக வராது. காரணம், மெத்தில் சாலிசிலேட் என்ற அந்தச் சத்து இலையில் தயாராக இல்லை. சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. இலையை நசுக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால், இலையிலேயே உள்ள நொதி அந்தக் கட்டை அவிழ்க்கும். கொதிநீரில் நொதி செத்துவிடும். ஆகவே முதலில் ஊறல், அப்புறம்தான் அடுப்பு. இந்தத் தைலம் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் தங்கும். மேலே தேடாதீர்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு டீஸ்பூன் விண்டர்கிரீன் தைலத்தில் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் சமமான சாலிசிலேட் இருக்கிறது. குழந்தை குடித்தால் உயிரே போகலாம். தடவுவதற்கு மட்டும், அதுவும் நீர்க்கச் செய்து.

சின்கோனா வேறு ரகம். 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்ட அந்த மரத்தின் பட்டையில் உள்ள மலேரியா மருந்தான குயினைன் ஆவியாகாது. பட்டைத் தூளோடு சுண்ணாம்பைச் சேர்த்தால், பட்டையிலுள்ள அமிலத்தின் பிடியிலிருந்து குயினைன் விடுபடும், சூடான எண்ணெயில் கரையும். அந்த எண்ணெயை நீர்த்த கந்தக அமிலத்தோடு குலுக்கினால் தண்ணீர்ப் பக்கம் வந்து, ஆறும்போது படிகமாகும். என்ன அழகான வேதியியல்!

சூடு பட்டால் கெடும் சத்தும் உண்டு. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினை சீனாவின் தூ யூயூ 1971-இல் கொதிக்க வைக்காமல், குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு எடுத்தார். 2015-இல் அதற்கு நோபல் பரிசு.

நீங்கள் ரோஸ்மேரி என்ற வாசனைச் செடியைப் பயிரிட்டிருப்பதாகச் சொன்னீர்கள். சரி, அதை நீராவியில் காய்ச்சினால் கிடைப்பது வாசனைத் தைலம் மட்டும். எண்ணெய் சிக்கு வாடை பிடித்துக் கெடாமல் காக்கும் கார்னோசிக் அமிலம், காய்ச்சி முடித்த இலையிலும் தங்கியிருக்கும். தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் வரும். இலையைக் கொட்டாமல் காயவைத்துச் சேருங்கள். ஆனால் எத்தனால் வாங்க உரிமம் தேவை. ஆகவே அந்த வேலையை உரிமம் உள்ள ஆலையிடம் கொடுப்பதுதான் உங்களுக்கு நல்லது.