தொப்பிச் சின்னத்துக்குள் மெட்ராஸ்

கேள்வி: லண்டனில் அவ்வளவு பெரிய இம்பீரியல் வார் மியூசியம் இருக்கிறது. அப்புறம் இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்ட்டி ரெஜிமென்டுக்கும், அதாவது மாவட்டத்தின் பெயர் தாங்கிய ராணுவப் படைப்பிரிவுக்கும், தனியாக ஒரு குட்டி மியூசியம் எதற்கு?

பதில்: பெரிய மியூசியத்தில் போரின் கதை கிடைக்கும், குட்டி மியூசியத்தில் ஊர்க்காரர்களின் கதை கிடைக்கும். 1881-ல் பிரிட்டிஷ் காலாட்படைகளின் பழைய எண்களை எடுத்துவிட்டு கவுன்ட்டி பெயர்களை வைத்தார்கள். அப்படித்தான் 39-வது படையும் 54-வது படையும் சேர்ந்து டார்செட்ஷயர் ரெஜிமென்ட் ஆயின. ஆள் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் முகாமான டிப்போ அந்தக் கவுன்ட்டியிலேயே இருந்ததால் ஒரே ஊர்ப் பையன்கள் பலர் ரெஜிமென்டின் ஒரே பிரிவுக்கு, அதாவது ஒரே பட்டாலியனுக்குப் போனார்கள், ஒரு மோசமான நாள் வந்தால் அடுத்தடுத்த வீடுகளுக்குச் சாவுச் செய்தியும் சேர்ந்தே வந்தது. 1958-ல் அது டெவன்ஷயர் ரெஜிமென்டோடு இணைந்தது, 2007-ல் அந்தக் கூட்டுப் படையும் ரைஃபிள்ஸ் என்ற பெரிய ரெஜிமென்டுக்குள் போய்விட்டது. பழைய படை இன்று இல்லை. டார்செட் கவுன்ட்டியின் டார்செஸ்டர் நகரில் டிப்போவின் வாசல் கட்டடம் மட்டும் குட்டிக் கோட்டை போல நிற்கிறது, இரண்டு கவுன்ட்டிப் படைகளின் நினைவையும் காக்கிற கீப் மிலிட்டரி மியூசியம் அதற்குள்தான் இருக்கிறது.

கேள்வி: அங்கே போனால் எதைத் தவறவிடக் கூடாது?

பதில்: ஹிட்லரின் மேசை அங்கே இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். சரி, பாருங்கள். ஆனால் தமிழ் வாசகர் அதிக நேரம் நிற்க வேண்டியது டார்செட் படையின் தொப்பிச் சின்னத்துக்கு முன்னால் என்பேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற உலோகத் துண்டு அது. நடுவில் ஸ்பெயினின் தென்முனையில் உள்ள ஜிப்ரால்டர் கோட்டையின் முற்றுகையை நினைவூட்டும் கோட்டையும் சாவியும், மேலே 1801 எகிப்துப் போருக்கான ஸ்பிங்க்ஸ், கோட்டைக்குக் கீழே பொடி எழுத்தில் 'ப்ரைமஸ் இன் இண்டிஸ்'. இந்தியாவில் முதலாவது என்று அர்த்தம். அந்த இந்தியா நம் மெட்ராஸ்தான்! 1754-ல் 39-வது படை வந்து இறங்கியது இங்கேதான், கம்பெனிப் படையாக இல்லாமல், பிரிட்டிஷ் அரசரின் காலாட்படை ரெஜிமென்ட் ஒன்று இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை என்பது அவர்கள் பெருமை. அதில் ஒரு பகுதி கிளைவோடு வங்காளம் போய் 1757-ல் பிளாசியில் சண்டை போட்டது, பின்னாளில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்த அயர் கூட் அப்போது இந்தப் படையின் அதிகாரி. மெட்ராஸிலிருந்து அவர்களோடு போன சிப்பாய்களும் அதே பிளாசியில்தான் நின்றார்கள். அந்தச் சின்னத்தில் அவர்களுக்கு இடமில்லை, அது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

மெட்ராஸில் இறங்கி 190 வருஷம் கழித்து, இரண்டாம் உலகப் போரில், 1944-ல் இதே ரெஜிமென்டின் 2-வது பட்டாலியன் இன்றைய நாகாலாந்தின் கோஹிமாவில் இருந்தது. டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் கோர்ட்டைச் சுற்றி ஜப்பானியப் பதுங்குகுழிகள். மே 13 அன்று ஒரு டாங்கியை எப்படியோ அந்தச் சரிவில் ஏற்றி, கோர்ட்டுக்கே கொண்டுவந்து, மிக அருகிலிருந்து சுட்டுத்தான் அந்த இடத்தைப் பிடித்தார்கள்.

கேள்வி: பழைய பிரிட்டிஷ் ராணுவ மெடல் ஒன்று கைக்கு வந்தது. யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முதல் உலகப் போர் மெடல் என்றால் பெரும்பாலும் முடியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விளிம்பைப் பாருங்கள், வீரரின் எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் எல்லாம் பொறித்திருக்கும். 1914-15 ஸ்டார் என்றால் பின்பக்கத்தில் இருக்கும். இரண்டாம் உலகப் போர் மெடல்களை பிரிட்டன் பெயர் பொறிக்காமலே கொடுத்தது, அதனால் அவற்றோடு வந்த கடிதத்தையோ பெட்டியையோ தூக்கிப் போடாதீர்கள்.

முதல் உலகப் போர் வீரர்களின் பணிப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. ஆகவே ஒருவரைப் பற்றி அரசு ஆவணத்தில் ஒன்றும் இல்லையென்றாலும், குடும்பத்தார் ரெஜிமென்ட் மியூசியத்துக்குக் கொடுத்த ஒரு கடிதத்திலோ குரூப் போட்டோவிலோ அவர் இருக்கலாம். எண்ணையும் பெயரையும் அப்படியே எழுதி, விளிம்பை போட்டோ எடுத்து, அந்த ரெஜிமென்டின் மியூசியத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். ஒன்றே ஒன்று: மெடலை பாலீஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்க்கத் தேய்க்க அந்தப் பெயர்தான் முதலில் போகும்.