உயரமான டம்ளரில் மோர் அதிகமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. அவனுக்கும் அவன் அக்காவுக்கும் ஒரே அளவு மோர்தான் ஊற்றுகிறேன். அக்காவின் டம்ளர் ஒல்லியாக, உயரமாக இருப்பதால் ‘அவளுக்குத்தான் அதிகம்’ என்று தினமும் சண்டை. கண்ணெதிரே அளந்து காட்டியும் ஒப்புக்கொள்வதில்லை. மந்த புத்தியோ என்று மாமியார் கவலைப்படுகிறார்.
– வாசகி, பாலக்கோடு

பதில்: கவலையே வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள், அம்மா. அந்த வயதுக்குரிய கணக்கைத்தான் பிள்ளை போடுகிறான். ஸ்விட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) இதே சோதனையைக் குழந்தைகளிடம் செய்து பார்த்தார். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்ற தெளிவு ஏறக்குறைய ஏழு வயதை ஒட்டித்தான் வருகிறது. அதுவரை கண் ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும். டம்ளரில் உயரத்தைப் பிடித்துக்கொண்டு அகலத்தை விட்டுவிடும்.

ஆசிரியர் பயிற்சிப் புத்தகத்தில் இதற்குச் ‘செயலுக்கு முற்பட்ட நிலை’ என்று பெயர். 2 முதல் 7 வயது வரை. கிருஷ்ணகிரியில் முப்பது வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். எனக்கே இது உறைத்தது, பேத்தியோடு களி சாப்பிட்ட ஓர் இரவில்தான். அப்போது அவளுக்கு நாலரை வயது. சம அளவில் இரண்டு உருண்டை. அவளுடையதைத் தட்டில் வைத்து அடைபோல அமுக்கினேன். “என்னுடையது பெரியதாகிவிட்டது!” என்று துள்ளினாள். மறுபடி உருட்டி வைத்தேன். முகம் சுருங்கிவிட்டது. மீதிக் களியை நான் ஒளித்துவைத்துக்கொண்டேன் என்று என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்!

புளியங்கொட்டையை ஐந்தைந்தாக இரண்டு வரிசை அடுக்கி, ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளி வைத்து, எதில் அதிகம் என்றும் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்காதீர்கள். ‘முதலில் சொன்னது தப்பு போல’ என்று பிள்ளை பதிலை மாற்றிவிடும். பியாஜேயின் சோதனைகளில் பின்னால் வந்தவர்கள் கண்ட குறைகளில் இதுவும் ஒன்று.

சண்டை ஓய வேண்டுமானால் ஒரே மாதிரி இரண்டு டம்ளர் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ரஷ்ய அறிஞர் பாவ்லவுக்கு நோபல் பரிசு கிடைத்தது, உணவு வருமுன்பே அதற்கான அறிகுறிக்கு நாய்க்கு எச்சில் ஊறப் பழக்கிய ஆக்கநிலையிறுத்த ஆய்வுக்குத்தானே?
– வாசகர், பென்னாகரம்

பதில்: இல்லை. 1904-இல் அவர் பெற்றது செரிமானம் பற்றிய ஆய்வுக்காக. அவர் உடலியல் அறிஞர்.

கேள்வி: எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே? பி.எட். தேர்வில் அப்படி எழுதி மதிப்பெண் போனது.
– மாணவி, போச்சம்பள்ளி

பதில்: போனது நியாயம்தான், அம்மா. ‘எதிர்மறை’ என்ற சொல் பாதிப் பேரைக் கவிழ்த்துவிடுகிறது. இங்கே அதற்குக் கெட்டது என்று பொருளில்லை. ஒன்றை நீக்குவது என்று பொருள். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் கணக்கில், வலுவூட்டல் எதுவானாலும் நடத்தை கூடும், தண்டனையால் குறையும்.

பஸ் நிலையத்துக் கடை முன்னால் ஒரு குழந்தை சிப்ஸ் கேட்டு அழுகிறது. அம்மா வாங்கிக் கொடுக்கிறாள். அழுகை நின்றுவிடுகிறது. குழந்தைக்குச் சிப்ஸ் கிடைத்தது. அது நேர்மறை வலுவூட்டல், அடுத்த முறையும் அழும். அம்மாவுக்கு இரைச்சல் நீங்கியது. அது எதிர்மறை வலுவூட்டல், அடுத்த முறையும் வாங்குவாள். யாரும் யாரையும் தண்டிக்கவில்லை, பாருங்கள். கடைக்காரருக்கு மட்டும் உளவியல் தெரியாமலே வியாபாரம் நடக்கிறது.