மரத்தில் கொக்குக் கூடு இருக்கிறது, கிளையை வெட்டலாமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. அதில் கொக்குகள் கூடு கட்டியிருக்கின்றன. கீழே நிற்கும் கார்கள் முழுக்க எச்சம், வாடை வேறு. மழைக்காலம் வருவதற்குள் கிளைகளை மொத்தமாகக் கழித்துவிட அசோசியேஷன் ஆள் பேசிவிட்டது. தடுக்க முடியுமா? தடுத்தால் எச்சத்துக்கு என்ன வழி?

பதில்: முடியும். ஆனால் வெட்டவே கூடாது என்று ஆரம்பித்தால் கூட்டத்தில் எடுபடாது. இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள் என்று மட்டும் கேளுங்கள், அதுவே போதும். மடையான் என்கிற குளத்துக் கொக்கு மூன்று முதல் ஐந்து முட்டை வரை இடும், அடைகாக்க மூன்று வாரம் ஆகும். அப்புறம் குஞ்சுகள் கிளை கிளையாகத் தத்தித் தத்திப் பழகிப் பறக்க இன்னும் சில வாரம். இராக்கொக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். குஞ்சுகள் கிளம்பிய பிறகு, தேவையான கிளையை மட்டும் எடுத்தால் பறவைக்கும் நஷ்டமில்லை, மரத்துக்கும் நஷ்டமில்லை.

முதலில் என்ன இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். காலையில் மொட்டைமாடியில் நின்று, கிடைத்தால் ஒரு பைனாகுலரோடு, எந்தக் கிளையில் எத்தனை கூடு என்று ஒரு நோட்டில் படம் போட்டுக் குறியுங்கள். குச்சியை அலகில் தூக்கிக்கொண்டு போனால் இப்போதுதான் கட்டுகின்றன. மரத்தடியில் வெளிர்நீல முட்டை ஓடு கிடந்து, விடிகாலையில் விடாமல் கீச்சுச் சத்தம் கேட்டால் குஞ்சு பொரித்துவிட்டது. இந்தப் படமும் நாலு போட்டோவும் கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்கே தனி மதிப்பு.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் குலைப்பதையும் ‘வேட்டை’ என்ற விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. சொந்த வளாகத்து மரம்தானே என்பது இதற்குப் பதிலாகாது. 2022 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரத்தில் நெடுஞ்சாலை அகலப்படுத்த ஒரு புளியமரத்தைக் கூடுகளோடு சாய்த்தார்கள். நீர்க்காகக் குஞ்சுகளும் கொக்குக் குஞ்சுகளும் தார்ச்சாலையில் விழுந்து செத்தன, வனத்துறை வழக்குப் போட்டது. அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செயலாளரிடம் இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள், வெட்ட வருகிற ஆளும் சேர்ந்து மாட்டுவார் என்கிற தகவலாகச் சொல்லுங்கள். எதற்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

புயல் பயம் நியாயமான பயம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அன்று சென்னையில் இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தலையை மொட்டையடிப்பது அதற்கு மருந்தில்லை. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் புதுக்கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு, காற்றில் அவைதான் முதலில் பிய்ந்து விழும். ஒரு பக்கம் மட்டும் கழித்துவிட்டால் பாரம் மறுபக்கம் சாயும். வேரைச் சுற்றி சிமென்ட் போட்டு மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள், மரம் சாய அதுவும் ஒரு காரணம். பாதைக்கு மேலே நிஜமாகவே ஆபத்தாகத் தொங்குகிற பட்ட கிளை இருந்தால் அதை மட்டும் இப்போதே எடுக்கலாம். அதிலும் ஒரு எச்சரிக்கை: பட்ட கிளை என்றால் காலி என்று நினைக்காதீர்கள். அடிப்பக்கத்தில் அளவெடுத்துத் துளைத்த மாதிரி சின்ன வட்டமாக ஓட்டை தெரிந்தால் அது செம்மார்புக் குக்குறுவான் என்கிற சின்னப் பறவையின் வீடு. பெரிய பொந்தாக இருந்தால் புள்ளி ஆந்தையோ கிளியோ இருக்கலாம்.

சரி, எச்சம். இதைத் தீர்க்காமல் பறவைப் பாசம் பேசினால் கார்க்காரர்கள் கேட்க மாட்டார்கள், அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. கூடுகளுக்கு நேர் கீழே இருக்கிற இடங்களை மட்டும் காலி செய்து அந்தக் கார்களுக்கு வேறு இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் கார்களுக்கு மேலே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலாக, பசுமைக்குடில் துணியை இழுத்துக் கட்டலாம். மரத்தைச் சுற்றி வலை மட்டும் வேண்டாம், குஞ்சுகள் கால் சிக்கித் தொங்கும். தரையில் காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும், தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் போட்டுப் பெருக்க வேண்டும். காரிலும் அப்படித்தான், ஈரத்துணியால் ஊறவைத்துத் துடையுங்கள், சுரண்டினால் பெயிண்ட் போகும். வாடைக்குப் பாதி காரணம் கூட்டிலிருந்து தவறி விழுகிற மீன். அதைத் தினமும் காலையில் எடுத்துவிட்டு, மரத்தடியில் காய்ந்த சருகைப் பரப்பினால் வெகுவாகக் குறையும். துப்புரவு செய்கிறவருக்கு இது கூடுதல் வேலை, அதற்கு அந்த இரண்டு மாதமும் தனியாகக் காசு கொடுங்கள்.

குஞ்சு கீழே விழுந்தால் வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. காயம் இல்லையென்றால் ஒரு கூடையில் சருகு போட்டு, பூனை எட்டாத கிளையில் கட்டி அதில் விடுங்கள். தூக்கும்போது துண்டால் போர்த்தி, உங்கள் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கொக்குக் குஞ்சு பயந்தால் கண்ணைப் பார்த்துத்தான் கொத்தும். அடிபட்டிருந்தால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, கிண்டியில் இருக்கிற வனத்துறையிடமோ ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பிடமோ அன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள்.