காட்டு வெந்நீர் ஊற்றில் குழந்தையும் முதியவரும் குளிப்பது குறித்து

வணக்கம். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்ளும் உங்கள் தாயாரையும் 8 வயது மகனையும் காட்டிலுள்ள வெந்நீர் ஊற்றில் குளிக்க வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மகனைப் பற்றியே எனக்குக் கூடுதல் கவலை. வெதுவெதுப்பான நன்னீரில், 46 டிகிரி செல்சியஸ் வரையிலும் வளரக்கூடிய நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா, மூக்கினுள் நீர் புகும்போது மூளையைச் சென்றடைந்து, மிக அரிதாகவே எனினும் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும் நோயை உண்டாக்குவதால், அவன் தலையை நீரில் மூழ்கவிடவோ அடிச்சேற்றைக் கிளறவோ தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். நீரை விழுங்குவதால் இந்நோய் வருவதில்லை.

தாயார், மருத்துவரைக் கேட்ட பின், 40 டிகிரிக்கு மேற்படாத நீரில் 10 நிமிடம் அமர்ந்து மெதுவாக எழட்டும். வெப்பத்தில் இரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால், சட்டென எழுந்தால் மயக்கம் வரக்கூடும். ஊற்றுக்கண்ணின் அருகே நீர் கொதிநிலையை நெருங்கியிருக்கலாம் என்பதால், வெப்பமானியால் அளக்காமல் யாரும் கால் வைக்க வேண்டாம்.