நோலன்ஸ் 14: பதினான்கு சிகரம், அறுபது மணி நேரம் (கேள்வி பதில்)

நோலன்ஸ் 14 பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வாய்விட்டது என் தப்புதான். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்வி. முடிந்தவரை பதில் சொல்கிறேன். என் தகுதியையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இதை முடித்தவன் இல்லை. இரண்டு முறை நண்பர்களுக்காகச் சோறும் சாக்ஸும் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்தில் காத்திருந்தேன். ஒருமுறை நானே களத்தில் இறங்கி, ஆறாவது சிகரத்தோடு திரும்பி வந்தேன்.

மதுரையிலிருந்து: அண்ணா, அப்படி என்றால் என்ன? மாரத்தான் மாதிரியா?

அமெரிக்காவின் கொலராடோவில் சவாட்ச் என்று ஒரு மலைத்தொடர். 14,000 அடிக்கு, அதாவது 4,267 மீட்டருக்கு மேல் உள்ள சிகரத்தை இங்கே ‘ஃபோர்ட்டீனர்’ என்பார்கள். ஒரே மூச்சில் சுமார் 100 மைல் தூரத்துக்குள் எத்தனை ஃபோர்ட்டீனர்களைக் கோக்க முடியும் என்று ஃப்ரெட் வான்ஸ் என்பவர் கேட்க, ஜிம் நோலன் வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பதினான்கு என்றார். பெயர் வந்த கதை அவ்வளவுதான். 1999-ல் சிலர் சேர்ந்து ஓட ஆரம்பித்தார்கள். 2001-ல்தான் முதன்முதலாகச் சிலர் கெடுவான 60 மணி நேரத்துக்குள் முடித்தார்கள். பிறகு வனத்துறை அனுமதிச் சிக்கலில் கூட்டாக ஓடுவது நின்றுபோனது. இப்போது யாருக்குத் தோன்றுகிறதோ அவர்கள் போய் ஓடுகிறார்கள்.

வடக்கே மாஸிவ். அதிலிருந்து எல்பர்ட், லா பிளாட்டா, ஹ்யூரான், மிசௌரி, பெல்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட், ஹார்வர்ட், கொலம்பியா, யேல், பிரின்ஸ்டன், அன்டேரோ, டாபிவாச், கடைசியில் தெற்கே ஷவனோ. தெற்கிலிருந்து வடக்கேயும் போகலாம். நடுவில் எந்த வழியாகப் போவது என்பது உங்கள் பாடு. மொத்த ஏற்றம் ஏறக்குறைய 13,400 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சிக்கு ஏறி, மறுபடியும் பாதி ஏறுவது மாதிரி.

இதில் எல்பர்ட்தான் ராக்கி மலைகளிலேயே உயரம், 4,401 மீட்டர். பக்கத்து மாஸிவ் சில மீட்டர்தான் குறைவு. மாஸிவ் கட்சிக்காரர்கள் உச்சியில் கல்லை அடுக்கி உயரத்தைக் கூட்டுவார்களாம், எல்பர்ட் கட்சிக்காரர்கள் போய்க் கலைத்துவிட்டு வருவார்களாம். இந்த ஊரில் அரசியல் அப்படி.

சேலத்திலிருந்து: எங்கே பதிவு செய்வது? கட்டணம் எவ்வளவு?

பதிவு இல்லை. கட்டணம் இல்லை. நெஞ்சில் குத்த எண் அட்டை இல்லை, பாதையில் ரிப்பன் இல்லை, தண்ணீர்ப் பந்தல் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை.

கோவையிலிருந்து: வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஆறு வருடமாக ஏறுகிறேன். முழு மாரத்தானும் ஓடியிருக்கிறேன். இது எனக்கு முடியுமா?

தம்பி, கால் உங்களுக்கு இருக்கிறது. இருட்டில் கம்பு ஊன்றிக் கல்லில் ஏறிப் பழகியதும் நல்ல பாடம். சமதரையில் மட்டும் ஓடுகிறவருக்கு அது தெரியாது. பிரச்சினை காற்று. தமிழ்நாட்டில் நீங்கள் ஏறக்கூடிய மிக உயர்ந்த இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். இங்கே நீங்கள் கார் கதவைத் திறந்து இறங்கும் லெட்வில் ஊரே 3,000 மீட்டரைத் தாண்டியது. 4,300 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம். அதோடு இரண்டு இரவு தூக்கம் கிடையாது.

வருவதாக இருந்தால் மூன்று வாரம் முன்னால் வாருங்கள். முதல் சில நாள் தலை வலிக்கும், பசிக்காது, தூக்கம் துண்டு துண்டாக வரும். அது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். பயப்பட வேண்டியது வேறு இரண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமினால் நுரை வருவது. இது நுரையீரலில் நீர் கோப்பது. குடித்தவர் மாதிரித் தள்ளாடுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது. இது மூளை வீங்குவது. இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது, உடனே, இரவானாலும். மாத்திரை விஷயத்தை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

நேராகச் சொன்னால், இந்த வருடம் வேண்டாம். முதலில் எல்பர்ட் ஒன்றை மட்டும் ஏறிப் பாருங்கள். நல்ல பாதை இருக்கிறது. அடுத்த நாள் காலையில் உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

திருச்சியிலிருந்து: உயரப் பயிற்சி முகமூடி போட்டு ஓடினால் பழகிவிடுமா?

பழகாது. அது மூச்சை இழுப்பதைக் கடினமாக்குகிறது, காற்றில் உள்ள ஆக்ஸிஜன் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. அந்தக் காசில் நல்ல மழைச்சட்டை வாங்குங்கள்.

ஈரோட்டிலிருந்து: கரடி வருமா?

கருங்கரடி உண்டு, உங்களைப் பார்த்தால் அதுவே ஓடிவிடும். உங்கள் எதிரி மார்மட். கீரிப்பிள்ளையைக் கொழுக்க வைத்த மாதிரி ஒரு பிராணி, பாறைக்கு நடுவே உட்கார்ந்து விசில் அடிக்கும். கோலைக் கீழே போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கண்ணயர்ந்தால், வியர்வை உப்புக்காகக் கைப்பிடியைக் கடித்துத் தின்றுவிடும். என் நண்பர் ஒருவர் ஒற்றைக் கோலோடு யேல் ஏறினார்.

சென்னையிலிருந்து: முடித்தவர்களின் ஜிபிஎஸ் தடத்தை இறக்கிக் கடிகாரத்தில் போட்டுக்கொண்டால் போதாதா?

போதாது. தடத்தில் கோடு தெரியும், கல் தெரியாது. சிகரங்களுக்கு நடுவே பாதி இடங்களில் பாதையே கிடையாது. சரளைச் சரிவில் ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே சறுக்கும். அலமாரி அளவு கற்கள் குவிந்த சரிவில், நீங்கள் மிதித்த கல் ஆடும். இன்னொருவர் ஜூன் கடைசியில் பனி இறுகியிருந்தபோது இறங்கிய ஓடை, ஆகஸ்டில் வெறும் உருளும் கல்லாக இருக்கும். அதே கோடுதான், ஆனால் இடம் வேறு. முடித்தவர்களில் பெரும்பாலோர் முந்தைய கோடைகளில் வந்து ஒவ்வொரு துண்டையும் பகலில் நடந்து பார்த்தவர்கள். கடிகாரத்தின் மின்கலம் அறுபது மணி நேரம் தாங்குமா என்பது தனிக் கதை. காகித வரைபடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லையிலிருந்து: நுழைவுக் கட்டணம் எவ்வளவு சார்?

மேலே சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

பெங்களூருவிலிருந்து: எல்லாப் பதிவிலும் இடி மின்னல் என்று பயமுறுத்துகிறீர்களே, உண்மையிலேயே அவ்வளவா?

ஆமாம். ஜூலை, ஆகஸ்டில் இங்கேயும் ஒரு பருவமழை உண்டு. காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். பதினொரு மணிக்கு மேற்கே பஞ்சு மாதிரி ஒன்று கிளம்பும். ஒரு மணிக்கு அது கறுத்திருக்கும். மரங்கள் சுமார் 3,500 மீட்டரோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல் அந்த முகட்டிலேயே உயரமான பொருள் நீங்கள்தான், கையில் உலோகக் கோலோடு.

ஒற்றைச் சிகரம் ஏறுகிறவருக்கு விதி எளிது: நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடு. நோலன்ஸில் அது முடியாது. அறுபது மணி நேரத்தில் இரண்டு மூன்று மதியங்கள் வரும், ஏதாவது ஒரு மதியத்தில் நீங்கள் மேலேதான் இருப்பீர்கள். பந்தயமாக இருந்தால் யாராவது கையைக் காட்டி நிறுத்துவார்கள். இங்கே நிறுத்த யாரும் இல்லை.

நான் திரும்பியது பெல்ஃபோர்டில். கிளம்பி 31 மணி நேரம், மதியம் ஒரு மணி. ஆக்ஸ்ஃபோர்ட் எதிரே தெரிகிறது, நடுவே ஒரு தாழ்வு மட்டும்தான். ஏறிவிட்டால் ஏழு, சரியாகப் பாதி. ஆனால் அதற்குப் பிறகு திரும்ப நினைத்தால் பெல்ஃபோர்டையே மறுபடி ஏறி வர வேண்டும், இல்லையென்றால் மறுபக்கம் பைன் க்ரீக் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். அங்கே கார் வராது. மேற்கே வானம் மை கொட்டிய மாதிரி இருந்தது. கோலில் ஒரு ரீங்காரம் கேட்டது, மின்னல் பக்கத்தில் என்பதற்கு அடையாளம். அது காதில் விழுந்தால் யோசிக்கக் கூடாது. மிசௌரி கல்ச் என்ற பள்ளத்தாக்குப் பக்கம் செங்குத்தாக இறங்கினேன். மரங்களை எட்டும்போது நான் நின்ற முகட்டில் ஆலங்கட்டி கொட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள், இன்னும் ஒன்று ஏறியிருக்கலாமே என்று. கேட்பவர்கள் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள்.

சென்னையிலிருந்து, ஓட்டப் பந்தயங்கள் நடத்துகிறவர்: கடைசிச் சிகரத்தில் கடிகாரம் நிற்கிறதா, கீழே காரிடம் வந்தால்தான் நிற்கிறதா? பாதி மலையில் ‘முடித்துவிட்டேன்’ என்பது ஏமாற்று இல்லையா?

வந்துவிட்டதா இந்தச் சண்டை! பழைய கூட்டு ஓட்டத்தில் கணக்கு இதுதான்: பதினான்காவது உச்சியை 60 மணிக்குள் தொட்டால் முடித்ததாகப் பொருள். பின்னாளில் வேகக் கணக்கு எழுதுகிறவர்கள், அடிவாரத்தில் கிளம்பி அடிவாரத்தில் முடிப்பதுதான் சரி என்றார்கள். இரண்டும் மோதியது 2015-ல். அன்னா ஃப்ராஸ்ட், மிஸ்ஸி காஸ்னி இருவரும் பதினான்காவது உச்சியை 60 மணிக்குள் தொட்டார்கள், ஆனால் 60 மணிக்குள் அடிவாரம் வந்து சேரவில்லை. முடித்த முதல் பெண்கள் என்று ஒரு தரப்பு கொண்டாடியது, இல்லை என்று இன்னொரு தரப்பு. அடுத்த வருடம் மேகன் ஹிக்ஸ் அடிவாரத்திலிருந்து அடிவாரம் வரை 59 மணி 36 நிமிடத்தில் வந்தார், யாரும் வாய் திறக்க இடமில்லாமல். என் கட்சி: ஆட்டத்தை உண்டாக்கியவர்கள் சொன்ன விதிதான் விதி. உச்சி.

அதே நபர்: அப்படியென்றால் மலையேற்றத்தில் இறங்குவது கணக்கில்லையா? பாதி விபத்து இறங்கும்போதுதான் நடக்கிறது.

இறங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சார். இறங்கித்தான் ஆக வேண்டும், உச்சியில் யாரும் குடியிருக்கவில்லை. என் கேள்வி, எதை அளக்கிறோம் என்பது. கடைசி இறக்கத்துக்கும் கடிகாரம் வைத்தால், இரண்டு இரவு தூங்காத ஒருவரை, 58-வது மணியில் ஷவனோவின் கல் சரிவில் ஓடச் சொல்கிறீர்கள். உச்சியில் கடிகாரம் நின்றால் அவர் உட்காருவார், எதையாவது மெல்லுவார், பார்த்து இறங்குவார். நீங்கள் சொல்கிற விபத்துக் கணக்கே என் பக்கம்தான் பேசுகிறது.

டொராண்டோவிலிருந்து: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். முதல் சிகரத்துக்கு ஏறும் நேரம் கணக்கில் வருகிறது, கடைசிச் சிகரத்திலிருந்து இறங்கும் நேரம் வராது என்றால் அது ஒற்றைக் கால் செருப்பு மாதிரி இல்லையா?

நல்ல அடி. இதற்கு என்னிடம் பதில் இல்லை. மாஸிவ் பக்கம் கடைசி இறக்கம் ஒரு நீளம், ஷவனோ பக்கம் வேறு நீளம், அதனால் உச்சியில் நிறுத்தினால் எந்தத் திசையில் போகிறோம் என்பதிலும் லாப நஷ்டம் வருகிறது. 2020-ல் பெருந்தொற்றால் பந்தயங்கள் எல்லாம் ரத்தாகி, வேலையற்ற நல்ல ஓட்டக்காரர்கள் எல்லாம் இங்கே வந்தார்கள். பெண்களுக்கான சாதனை நேரம் அந்த ஒரே கோடையில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை உடைந்தது. ஜோயி காம்பனெல்லி சுமார் 41 மணியில் முடித்தார். இவர்கள் ஓடிய கணக்கு அடிவாரத்திலிருந்து அடிவாரம். ஆக நடைமுறையில் சென்னைக்காரர் கட்சி ஜெயித்துவிட்டது. நான் கட்சி மாறவில்லை.

சென்னை நபர், மூன்றாவது முறை: அப்படியென்றால் ஒப்புக்கொள்கிறீர்கள்.

இல்லை.

தஞ்சாவூரிலிருந்து: முடித்தால் பதக்கம் தருவார்களா? எங்கே பதிவு செய்வது?

ஐயா, யார் தருவார்கள்? தருவதற்கு அங்கே ஆள் இல்லை. இனி பதிவு, கட்டணம், பதக்கம், டி-ஷர்ட் கேள்விகளைப் படிக்க மாட்டேன்.

புதுச்சேரியிலிருந்து: முட்டி வலிக்கு வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஐப்யூபுரோஃபன் வகை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டியை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கும்பகோணத்திலிருந்து: சைவம். என்ன சாப்பிடுவது?

பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இனிப்பு எதுவும் இறங்காது, கடலை மிட்டாய்கூட. உப்பும் புளிப்பும்தான் இறங்கும். புளியோதரை உருண்டை, ஊறுகாய் தடவிய சப்பாத்திச் சுருள், வறுத்த கடலை. நான் காத்திருந்தபோது பிளாஸ்கில் மிளகு ரசம் கொண்டு போயிருந்தேன். என் நண்பரின் அமெரிக்கத் தோழர் மூன்று டம்ளர் குடித்துவிட்டு இது எந்தக் கம்பெனி பானம் என்று கேட்டார். ஓடைத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்காதீர்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

டென்வரிலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் ஆகஸ்டில் முயற்சி செய்கிறார். நான் காரில் காத்திருக்கப் போகிறேன். என் வேலை என்ன?

இன்றைக்கு வந்ததிலேயே உருப்படியான கேள்வி இது. உங்களை அவர் சந்திக்கக்கூடிய இடங்கள் குறைவு: லா பிளாட்டாவுக்கு முன்னால் 82-ம் எண் சாலை, அப்புறம் வின்ஃபீல்டு, யேல் இறங்கியதும் காட்டன்வுட் சாலை, பிரின்ஸ்டன் இறங்கியதும் சாக் க்ரீக். மிசௌரியிலிருந்து கொலம்பியா வரை ஐந்து சிகரம், நடுவே நீங்கள் போக நல்ல சாலை இல்லை. அந்த நீண்ட இடைவெளிதான் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். வின்ஃபீல்டில் செல்போன் எடுக்கும் என்று நம்ப வேண்டாம். செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம்.

கிளம்பும் முன் ஒரு நேரத்தை இருவரும் பேசி எழுதி வையுங்கள்: இந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் நான் கூப்பிடுவேன் என்று. கூப்பிட வேண்டியது மாவட்ட ஷெரிஃப் அலுவலகம். பெரும்பகுதி சாஃபி மாவட்டத்தில் வருகிறது, வடக்கு முனை லேக் மாவட்டத்தில். தேடி வருபவர்கள் தன்னார்வலர்கள், காசு கேட்க மாட்டார்கள். அதனால் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்.

அவர் காரிடம் வந்ததும் உள்ளே உட்கார வைத்து ஹீட்டர் போடாதீர்கள், அப்புறம் எழவே மாட்டார். வெளியே நாற்காலி போடுங்கள். ‘இன்னும் போகிறாயா?’ என்று கேட்க வேண்டாம். இன்று என்ன கிழமை, அடுத்த சிகரம் எது, எந்தப் பக்கமாக ஏறப்போகிறாய் என்று கேளுங்கள். உளறினால் அன்றைக்கு அவ்வளவுதான், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முடித்தாலும் முடிக்காவிட்டாலும், திரும்பும்போது கார் சாவியை அவரிடம் கொடுக்காதீர்கள்.