பிலோயிலாவில் வீடு வாங்கலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயிலா என்ற சிற்றூரில் இருக்கிறோம். நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ். கணவருக்கு இறைச்சி ஆலையில் வேலை. 491 விசாவில் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஊர் பிடித்துவிட்டது. வாடகை கொடுப்பது தண்டம், பழைய மர வீடு ஒன்றை இப்போதே வாங்குவோம், பிறகு இன்னொன்று வாங்கி வாடகைக்கு விடுவோம் என்கிறார் கணவர். சரியா?
- ஒரு வாசகி

பதில்: ஊர் பிடித்துவிட்டது என்று நீங்கள் எழுதியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, சகோதரி. 2018 மார்ச்சில் புகலிடம் கேட்டு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைக் குடியேற்ற அதிகாரிகள் விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போனபோது, 2022 ஜூனில் அவர்கள் வீடு திரும்பும்வரை விடாமல் குரல் கொடுத்த ஊர் அது. அங்கே வேர்விட நினைப்பது நல்ல ஆசைதான். ஆனால் இப்போது வாங்க வேண்டாம்.

491 தற்காலிக விசா. தற்காலிக விசாக்காரர்கள் ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்குவதற்கு 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை தடை அறிவித்திருக்கிறார்கள். காலி மனை வாங்கிக் கட்டலாம். அதற்கும் வெளிநாட்டு முதலீட்டு அனுமதி வேண்டும், கட்டணம் உண்டு. போதாததற்கு, வெளிநாட்டவர் என்பதால் குவீன்ஸ்லாந்து அரசு வழக்கமான முத்திரை வரிக்கு மேல் இன்னும் 8 சதவீதம் கேட்கும். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு அது மட்டுமே 32,000 டாலர்! மூன்று வருட வருமானக் கணக்கு காட்டி 191 விசா வாங்கி நிரந்தரவாசி ஆகிவிட்டால் இந்தச் சுமை இருக்காது. அதுவரை கொடுக்கும் வாடகை தண்டம் இல்லை.

அந்த நாள் வந்து வீடு பார்க்கப் போகும்போது, முதலில் வீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். பழைய மர வீடுகள் குட்டைத் தூண்கள்மேல் நிற்பவை. தூணோடு ஒட்டி விரல் கனத்துக்கு மண் குழாய் ஏறியிருந்தால் கரையான். உள்ளே சுவரோரப் பலகையைத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். 1990-க்கு முந்தைய வீட்டின் ஃபைப்ரோ (நார் சிமென்ட்) தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; நீங்களாக அதில் துளை போடாதீர்கள். 2025 ஆகஸ்ட் முதல் விற்பவர் தகவல் படிவம் தந்தாக வேண்டும். ஆனால் கரையானோ, வெள்ளம் வந்த கதையோ அதில் இருக்காது. ஆகவே 'பில்டிங் அண்ட் பெஸ்ட்' (கட்டடம், பூச்சி அரிப்பு) சோதனை நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது. வெள்ள வரைபடத்தை ஷயர் கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) கேளுங்கள். 2015 பிப்ரவரியில், மார்சியா புயலின்போது, உங்கள் பக்கத்திலிருக்கும் கலைட் அணையின் கதவுகள் திறந்து ஜம்பின், கூவிஜன் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வீடு பார்க்கும் அதே வாரம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பிரீமியம் எவ்வளவு என்றும் விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது வீடு வேண்டவே வேண்டாம். அதே மாநிலத்தின் மொரன்பா சுரங்க ஊரில், 2012 வாக்கில் நிலக்கரி உச்சத்தில் இருந்தபோது வீட்டு விலை 7 லட்சம் டாலரைத் தாண்டியது. சில வருடங்களில் 2 லட்சத்துக்கும் கீழே வந்தது. வாடகையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் வீட்டை விற்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவித்தார்கள். உங்கள் ஊரும் சுரங்கம், மின்நிலையம், இறைச்சி ஆலை என்று சில முதலாளிகளை நம்பி நிற்கிறது. ஒரு ஆலை ஷிப்டைக் குறைத்தால் உங்கள் கணவரின் சம்பளமும் குடித்தனக்காரரின் சம்பளமும் ஒரே நாளில் அடிபடும். இப்படிப்பட்ட ஊர்களுக்கு வங்கிகளே கூடுதல் முன்பணம் கேட்பது அதனால்தான். இரண்டாவது வீட்டுக்குப் போடும் பணத்தை, குடியிருக்கும் வீட்டுக் கடனின் ஆஃப்செட் கணக்கில் (கடனோடு இணைத்த சேமிப்புக் கணக்கில்) போட்டு வையுங்கள். வட்டி குறையும், அவசரத்துக்கு எடுக்கவும் முடியும்.