சிறுகதையை விட்டு நாவலுக்குப் போக வேண்டுமா?

கேள்வி: ஆறு வருடங்களாகத் துப்பறியும் சிறுகதைகள் எழுதுகிறேன். பதினொரு கதைகள் அச்சில் வந்துவிட்டன. சமீபத்தில் ஒரு போட்டியில் முதல் பரிசும் கிடைத்தது. "சிறுகதையில் எதிர்காலம் இல்லை, நாவலுக்குப் போ" என்கிறார்கள் நண்பர்கள். எனக்குச் சிறுகதைதான் பிடிக்கிறது. வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யலாமா?

பதில்: பரிசுக்கு மனமார்ந்த வாழ்த்துகள். நாவலுக்குப் போக வேண்டாம். வேலையையும் இப்போதைக்கு விட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் டி. ஹோக்தான் நினைவுக்கு வந்தார். 900-க்கும் மேற்பட்ட மர்மச் சிறுகதைகள் எழுதியவர். நாவல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருடைய முதல் கதை 1955-ல் வெளிவந்தது. அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருது கிடைத்தது 1968-ல். நடுவில் 13 வருடங்கள்! விளம்பரத் துறையில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். முழுநேர எழுத்துக்கு வந்ததும் 1968-ல்தான். ஆனால் அதற்குள் அவர் கையில் வாசகர்கள் தேடிப் படிக்கும் பாத்திரங்கள் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். விருதைவிட அதுதான் பெரிய பலம் என்பேன்.

அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவன் நிக் வெல்வெட் என்ற திருடன். மதிப்பே இல்லாத பொருளைத்தான் திருடுவான், அதுவும் கூலிக்கு. ஒரு கதையில் நீச்சல் குளத்துத் தண்ணீரைத் திருடுகிறான். எப்படித் திருடுவான் என்பது ஒரு புதிர். ஒன்றுக்கும் உதவாத அந்தத் தண்ணீருக்கு ஒருவர் ஏன் பணம் கொடுக்கிறார் என்பது அதைவிடப் பெரிய புதிர். இப்படி ஓர் ஆளைப் படைத்துவிட்டால், "அடுத்து எதைத் திருடுவான்?" என்று கேட்டாலே அடுத்த கதை கிடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு உட்கார வேண்டியதில்லை. இதழாசிரியருக்கும் உங்கள் பெயர் நினைவில் நிற்கும். 1973 மே மாதத்திலிருந்து 2008-ல் மறையும்வரை, எல்லெரி குயின் மர்ம இதழின் ஒவ்வோர் இதழிலும் ஹோக்கின் கதை இருந்தது. 2001-ல் அதே எழுத்தாளர் சங்கம் அவருக்கு 'கிராண்ட் மாஸ்டர்' பட்டம் அளித்தது. பெரும்பாலும் நாவலாசிரியர்களுக்கே போகிற கௌரவம் அது.

சரி, பணம். உங்கள் நண்பர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு சிறுகதைக்கு இதழ் தருகிற தொகை பெரிதல்ல, அதுவும் ஒருமுறைதான் வரும். அதனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் கொடுங்கள். தொகுப்பு, மொழிபெயர்ப்பு, ஒலிவடிவம், திரைவடிவம் எல்லாம் உங்களிடமே இருக்கட்டும். போட்டிகளிலும் இதைப் பாருங்கள்; பரிசுத் தொகையோடு மொத்த உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளும் விதிகள் உண்டு. உங்கள் பரிசுக் கதைக்கு அப்படி ஏதாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். எழுத்திலிருந்து வரும் வருமானம் இரண்டு வருடமாவது தொடர்ந்து வீட்டுச் செலவைத் தாங்கினால், அப்போது வேலையை விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

அப்புறம், அந்தப் பரிசுக் கதையை இன்னொரு முறை படியுங்கள். மறுபடி வரத் தகுந்த ஆள் அதில் யாராவது இருக்கிறாரா? துப்பறிபவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஓரமாக வந்துபோன சாட்சியாகக்கூட இருக்கலாம். இருந்தால், அவரை வைத்து அடுத்த கதையை இந்த மாதமே எழுதி அனுப்பிவிடுங்கள். அதற்குப் பதில் வருவதற்குள் அதற்கடுத்ததையும் தொடங்கிவிடுங்கள்.